பச்சைப் பொத்தானில் கட்டிய கயிறு

தகர டப்பாவுக்கு மூடி வெட்டும் பட்டறையில் அவருக்குப் பெயர் ஒன்பதரை. பத்து விரலோடு வேலைக்குச் சேர்ந்தவர். அரை விரலைப் பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டது. தகரத்தையும் விரலையும் ஒரே சத்தத்தில் வெட்டும், பாரபட்சமில்லாத மெஷின்.

அதற்கு இரண்டு பச்சைப் பொத்தான்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலேயிருக்கும் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் விரல் எப்படி உள்ளே போகும்? செய்தவன் புத்திசாலி. வாங்கியவர்கள் அவனைவிடப் புத்திசாலிகள். இடது பொத்தானை அழுத்தியபடியே கயிற்றால் கட்டிவிட்டால் இடது கை சும்மாதானே? அது தகரத்தைத் தள்ளும். மூடி இரண்டு மடங்கு விழும். வெறும் கயிறென்றால் ஆட்கள் பயப்படுவார்கள். அதனால் சாமியார் மந்திரித்துக் கொடுத்த சிவப்புக் கயிறு. கை காக்கும் கயிறு என்று பெயர்.

ஒன்பதரையும் பத்து வருடம் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்தான். விரல் போன அன்று சாமியார் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

"கயிறு இல்லேன்னா கையே போயிருக்கும்பா. அரையோட நின்னுச்சே, அதான் அருள்."

ஒன்பதரை அழுதுகொண்டே நன்றி சொன்னார். கட்டுப் பிரித்த பிறகுதான் வில்லங்கமாக ஒரு யோசனை வந்தது. மீதியைக் காத்தது கயிறென்றால், அந்த அரையை விட்டுக்கொடுத்தது யார்? சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆறு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பிறகு அதே மெஷினில் அவருடைய மச்சினனை நிறுத்தினார்கள். மனைவியின் ஒரே தம்பி. வாய் ஓயாமல் பாட்டு. மூன்றாம் நாள் பாட்டு பாதியில் நின்றது. அவன் கையுறையின் நுனி மூடியோடு சேர்ந்து கீழே விழுந்தது.

"பாத்தீங்களா மாமா, கயிறு காப்பாத்திடுச்சு!"

"காப்பாத்தலடா. குறி பாத்திருக்கு."

சொன்னவர், தகரம் வெட்டும் கத்தரியால் கயிற்றை அறுத்துப் போட்டார்.

முதல் அடி மேஸ்திரியுடையது, காதோடு சேர்த்து. அப்புறம் பெட்டி அடுக்குகிற நாலு பேர், ஆளுக்கொரு பலகையோடு. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் வயிற்றில் மிதித்தார்.

"கடவுள் இல்லேங்கிறியாடா?"

"இருக்காருண்ணே. பொத்தான்ல இல்ல."

அதற்கு இரண்டு பல் போயிற்று. கடைசி அடி மச்சினனுடையது. ஸ்பானர். தாடை எலும்பு முறிந்த சத்தம் மெஷின் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. ரத்தத்தின் மேல் மரத்தூளைப் போட்டு மூடினார்கள். மெஷின் அரை மணி நேரம் நின்றதுதான் மன்னிக்க முடியாத பாவம் என்று முதலாளி சொன்னார்.

மறுநாள் லீவு. மேஸ்திரி புதுக் கயிற்றை மச்சினனிடம் கொடுத்து, "நீயே கட்டு, உன் மாமன் பாவம் தீரும்" என்றார். அவன் அதோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஒன்பதரையின் தாடையைக் கம்பி போட்டு இறுக்கியிருந்தார்கள்.

"அடிச்ச கையாலயே பால் ஊத்துடா" என்று அக்கா கரண்டியை நீட்டினாள்.

ஊற்றினான். ஒன்பதரை அந்தக் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இன்னொரு கையையும் பார்த்தார். பத்தும் இருந்தன. அவன் பையிலிருந்த கயிற்றை உருவி, அவன் மணிக்கட்டிலேயே சுற்றினார். அரை விரல் வழுக்கி வழுக்கி முடிச்சு விழவே இல்லை. பல்லால் இழுக்கலாமென்றால் வாய் திறக்காது. மச்சினனே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

"பொத்தான்ல வேணாம்" என்று கம்பிக்குள்ளிருந்து ஒரு முனகல்.

காலையில் மேஸ்திரி கேட்டார்: "கயிறு எங்கடா?"

"கை காக்குற கயிறுதானேண்ணே? கையில இருக்கு."

மேஸ்திரி அடிக்கக் கையை ஓங்கினார். அவனுடைய மறு கையில் ஸ்பானர். அது தாடையை என்ன செய்யும் என்று நேரில் பார்த்தவர் அவர். ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தார்.

மச்சினன் இரண்டு பொத்தானையும் இரண்டு கையால் அழுத்தினான். மூடி பாதிதான் விழுந்தது. பாட்டு முழுசாக வந்தது.