லிஃப்டில் கிடைத்த டெபுடேஷன்

ஒரு வாரமாக எங்கள் டெல்லி மயூர் விஹார் ஃப்ளாட்ஸில் எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள்.

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி இரண்டு வருடம் முடித்திருக்கிறேன். கடைசி வருடத்துக்கு முன்னால் ஒரு வருடம் பற்பசைக் கம்பெனி லேபில் வேலை. கல்லூரியே செய்து தந்த ஏற்பாடு. நுரை எவ்வளவு வருகிறது என்று அளப்பேன்.

இன்று காலை லிஃப்டில் நாலாவது மாடி மாமா, மத்திய அரசில் ரிட்டயர் ஆனவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எத்தனை பேப்பர்மா போச்சு?"

"ஒண்ணும் போகல மாமா. ஒரு வருஷம் வேலை பார்த்துட்டுத் திரும்ப காலேஜுக்கே போயிடுவேன்."

"அதுவரைக்கும் உன் சீட்?"

"அப்படியே இருக்கும்."

மாமாவின் முகம் மலர்ந்தது. "அச்சா! டெபுடேஷன்னு சொல்லு! முப்பது வருஷ சர்வீஸ்ல எனக்கு ஒரு தடவைகூடக் கிடைக்கலையே!"

சாயங்காலத்துக்குள் எல்லா மாடிக்கும் செய்தி போய்விட்டது. கீழ்வீட்டு மாமி கேசரியோடு வந்து, "கவர்மென்ட் குவார்ட்டர்ஸ் குடுத்துட்டாங்களா?" என்றார்.

அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, கண்ணைக்கூட இமைக்காமல், "அப்ளை பண்ணியிருக்கா மாமி" என்றாள்.

குவார்ட்டர்ஸ் ஆர்.கே. புரத்தில் கேட்கட்டுமா, லோதி காலனியில் கேட்கட்டுமா? அனுபவசாலிகள் சொல்லுங்கள்.