ஓடையின் மேலே ஏறிப் பார்த்தவர்

குற்றாலத்துக்கு ரம்புட்டான் கூடைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வடகரையிலிருந்து போன் வந்தது. "பீர் முகம்மது அண்ணாச்சி மௌத்தாயிட்டாக." கையிலிருந்த கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றேன். அவரை அறிந்த உங்களில் பலரும் அந்த இறப்புச் செய்தி கேட்டு அப்படித்தான் நின்றிருப்பீர்கள்.

வளைகுடாவில் ஓட்டல் வேலை பார்த்துத் திரும்பி, எங்கள் தோப்புக்கு அடுத்த வயலில் நெல் போட்டவர் அவர். மலையடியில் 'இயற்கைச் சுற்றுலா' விடுதி வந்தபோது மேலாளர் ஊரைக் கூட்டிப் பேசினார். உள்ளூர்க்காரர்களுக்கே வேலை, காட்டுக்கு ஒரு கீறலும் விழாது என்றார். எல்லோரும் கைதட்டினோம். அண்ணாச்சி மட்டும் எழுந்தார்.

"அத்தனை பேரு குளிக்கதுக்குத் தண்ணி எங்கன இருந்து எடுப்பிய?"

"லாரியில வாங்குவோம் சார்."

உட்கார்ந்தவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "யோசிக்காமப் பதில் சொல்லுதான். நம்பாதேயும்."

நான் நம்பினேன். என் மகள் செல்விக்கு அங்கே வரவேற்பறையில் வேலை கிடைத்தது; என் பழங்களும் நல்ல விலைக்குப் போயின. அண்ணாச்சி அவளைத் தடுக்கவில்லை. "போ தாயி, வீட்டுக்கு ஒத்தாசை. அவனுக்காகப் பொய் மட்டும் சொல்லாத" என்றார்.

கோடையில் எங்கள் வயல்களுக்குப் பாயும் ஓடை மெலிந்து கடைசி வயல்கள் வெடித்தன. மழை இல்லாததுதான் காரணம் என்றது விடுதி. அதிகாரிகள் விசாரிக்க வந்த அன்று, விடுதி ஓடையில் கை வைக்கவில்லை என்று சொல்வதற்காக உள்ளூர்ப் பணியாளர்களை மேலாளர் வரிசையாக நிறுத்தினார். செல்வி, "எனக்குத் தெரியாது சார்" என்றாள். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. பிள்ளைகளை அங்கே வேலைக்கு அனுப்பியிருந்தவர்கள் எங்களோடு பேச்சை நிறுத்தினார்கள். "எங்க பிழைப்புலயும் மண்ணைப் போடுதா" என்று வாசலில் வந்தே ஒருத்தி கத்தினாள்.

அதைக் கேட்ட அண்ணாச்சி, மூட்டுவலியோடு எங்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு ஓடையோரமாக மேலே ஏறினார். சருகு மூடிய பாறை இடுக்கில் ஒரு கறுப்புக் குழாய் விடுதியை நோக்கி இறங்கியிருந்தது. அதிகாரிகள் வந்து அகற்றினார்கள். வயலுக்குத் தண்ணீர் வந்தது. செல்விக்கு வேலை திரும்பவில்லை. இப்போது தென்காசியில் ஒரு ஜவுளிக் கடையில் இருக்கிறாள். பாராட்டியவர்களிடம் அண்ணாச்சி சிரிக்கக்கூட இல்லை. "ஒண்ணு அகப்பட்டுட்டு. இன்னொண்ணு எங்கன கிடக்கோ?" என்றார்.

அடக்கத்துக்கு மேலாளரும் வந்திருந்தார். ஊருக்குப் பெரிய இழப்பு என்றார். வருத்தம் உண்மையாகவும் இருக்கலாம். பிறகு என்னை ஓரமாக அழைத்து, "அவர் வயலை இனிமேல் யார் பார்ப்பாங்க?" என்று கேட்டார்.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது எதுவென்று அப்போது தெரிந்தது. மேலாளர் முகத்தைப் பார்த்தே கேட்டேன்: "எதுக்குக் கேக்கிய?"