சுருளியம்மாள் கேட்ட துப்பறியும் கதைகள்

சுருளியம்மாள் என்ற பெயரை நான் முதலில் என் மாமியார் வாயால்தான் கேட்டேன். கூடலூருக்குப் போய் என் கொழுந்தன் குருசாமிக்குப் பெண் பார்த்துவிட்டு, வண்டிப்பெரியாற்றுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்துக்கு ஏறி வந்தவள், தலைச்சுமையை இறக்குவதற்கு முன்னாலேயே சொன்னாள்:

"பேரு சுருளியம்மா. சுருளித் தீர்த்தத்துக்கு நேந்துக்கிட்டுப் பெத்த பிள்ளையாம். குறை ஒண்ணுமில்ல. நாம ஒண்ணு கேட்டா அது ஒம்பது கேக்குது, அவ்வளவுதான்."

கல்யாணமாகி வந்து எனக்கு ஓரகத்தியானாள். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசை வீடுகள், எங்களுடையது அடுத்தடுத்த வீடு. நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். மாமியார் சொன்னது சரிதான். மழை வந்தால் ஏன் வந்தது, கங்காணி சிரித்தால் ஏன் சிரித்தார் என்று கேட்கிற பெண். குருசாமிக்கு அதில் பெருமை. "எம் பொஞ்சாதிக்குத் தெரியாம ஒரு பீடி குடிக்க முடியல மதினி. சட்டையில மோந்து பாக்கல, நான் வந்த பாதையப் பாத்தே சொல்லிப்புடுறா" என்பான்.

அப்போது எங்கள் லயத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் நல்லமுத்து அண்ணன் ஒருவர்தான். பாக்டரியில் கொழுந்து காயவைக்கும் அடுப்புக்குத் தீப்போடுகிறவர். மதுரையிலிருந்து வரும் லாரிக்காரர் ஒருவர் அவருக்கு மாதாமாதம் ஒரு துப்பறியும் நாவல் கொண்டுவந்து கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் வந்தபிறகு பிரட்டுக் கொட்டகையில் எல்லாரும் கூடிவிடுவோம். மற்ற நாள் காலையில் பேர் கூப்பிடுகிற கொட்டகை அது. அண்ணன் உரக்கப் படிப்பார், நாங்கள் கேட்போம்.

கதைகளில் துப்பறிகிறவர் பெயர் தாண்டவராயர். எங்களுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி. ஒரு மாதம் அவரைப் பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டதோடு புத்தகம் முடிந்தது. அடுத்த புத்தகம் வருகிற வரைக்கும் ராமுத்தாய்க் கிழவி மாரியம்மனுக்கு விளக்குப் போட்டாள். அவர் பிழைத்துக்கொண்டார் என்று அண்ணன் படித்தபோது கிழவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

கொலைகாரன் யார் என்று சுருளி பாதிக் கதையிலேயே சொல்லிவிடுவாள். பிச்சைமணி என்கிறவனுக்கு அது ஆகாது. "ஏத்தா, நீயே சொல்லிப்புட்டா தாண்டவராயருக்கு என்ன வேலை? அவரும் கூடையத் தூக்கிக்கிட்டுக் கொழுந்துக்குப் போகட்டுமா?"

"வரட்டுமே. கையி சுறுசுறுப்பா இருந்தா கங்காணி சேத்துக்குவாரு" என்பாள்.

பெரிய வெள்ளம் வந்த வருஷம் ஆடி மாதம் குருசாமி கூடலூருக்கு மாமனார் வீட்டுக்குப் புறப்பட்டான். அன்றைக்குப் பிடித்த மழை விடவில்லை. மலை சரிந்து பாதையெல்லாம் போயிற்று. பெரியாறு எங்கள் கீழ்மலைத் தேயிலை வரைக்கும் ஏறி நின்றது. மழை விட்டு, பாதை திறந்தபிறகு சுருளியின் தம்பி பொன்ராஜ் ஏறி வந்தான். "மாமா எங்க ஊருக்கு வரவே இல்லையேக்கா" என்றான்.

தண்ணீர் வடிந்ததும் ஆற்று வளைவில் ஒரு பிணம் ஒதுங்கியது. ஆண் பிணம். உயரம் குருசாமி உயரம். உடம்பில் எஸ்டேட் கம்பளி. முகத்தில் முகம் என்று ஒன்று இல்லை. பெண்களைப் பக்கத்தில் விடவில்லை. கட்டினவள் என்பதால் சுருளியை மட்டும் கூட்டிப்போய், கம்பளியைக் கொஞ்சம் விலக்கி முகத்தைக் காட்டினார்கள்.

அவள் அழவில்லை. திரும்பி நல்லமுத்து அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணே, போன கதையில ஜமீன் வாரிசுன்னு சொல்லி ஒரு பொணத்த எடுத்தாங்களே. மொகம் செதஞ்சு, அவரு கோட்டப் போட்டிருந்துச்சே. அது அவருதானா?"

"இல்ல தாயி. அது வேற ஆளு. அவரு கடைசியில உயிரோட வந்தாரு."

"அதுக்கு முந்தின கதையில?"

"மொகம் தெரியாத பொணம்னு கதையில வந்தா, அது அந்த ஆளா இருக்கிறதில்ல தாயி."

"அப்ப இது எங்க வீட்டுக்காரரு இல்ல. இந்த எஸ்டேட்டுல எல்லாருக்கும் ஒரே கம்பளிதானே."

வேறு ஊராயிருந்தால் இரண்டு பெரியவர்கள் அதட்டிக் காரியத்தை முடித்திருப்பார்கள். எங்கள் லயத்தில் அப்படி நடக்கவில்லை. நாங்கள் எல்லாருமே அந்தக் கதையைக் கேட்டவர்கள். பிச்சைமணியே, "அது சொல்றதும் ஞாயந்தான்" என்றான். என் மாமியாருக்கும் மகன் உயிரோடிருந்தால் போதும் என்றிருந்தது. கதையின் முடிவை நம்பினோம். தாண்டவராயர் எந்தக் கதையிலும் முதலில் பிணத்தை முழுசாகப் பார்ப்பார். அதை எங்களில் ஒருவரும் செய்யவில்லை. நீர்மாலை இல்லை, கொள்ளிக்குடம் இல்லை. அனாதைப் பிணம் என்று சொல்லி, மாட்டுக்கொட்டகை சுவக்கீனிடம் விட்டார்கள். குழி வெட்டுவதும் அவர் வேலைதான். அவரும் இன்னொரு ஆளும் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

சுருளி பூவும் பொட்டுமாகவே இருந்தாள். பொன்ராஜ் இரண்டு தடவை வந்தான். எங்கள் ஆட்களில் தாலி அறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்கிற வழக்கம் உண்டு. தங்கள் ஊர்ச் சாந்தம்மாள் மகன் பெண்சாதியை இழந்தவன், நல்ல மாதிரி, பிள்ளைகுட்டி இல்லாதவன், கேட்கிறார்கள் என்றான். "புருசன் இருக்கிறவளுக்கா மாப்பிள்ளை கொண்டாந்திருக்க?" என்று கேட்டு, கஞ்சி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கொட்டகைக்கு வருவாள். ஆனால் யார் கொலைகாரன் என்று சொல்வதை விட்டுவிட்டாள். கதையில் யாராவது காணாமல் போனால் மட்டும், "திரும்பி வர்றாராண்ணே?" என்று கேட்பாள். பெரும்பாலும் வந்தார்கள்.

இப்படியே நாலைந்து வருஷம் போயிற்று. சுவக்கீன் அதுவரை கொட்டகைப் பக்கம் வந்ததில்லை. ஞாயிறென்றால் மாதா கோயிலுக்கு நடந்துவிடுவார். முழங்கால் வீங்கி நடை நின்றபிறகு அவரும் வந்து ஒரு மூலையில் உட்கார ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதையில், தாண்டவராயர் வெட்டியானைக் கூப்பிட்டு, புதைத்த உடம்பில் என்ன அடையாளம் கண்டாய் என்று விசாரித்தார். அந்த இடத்தில் சுவக்கீன் பீடியைக் கையில் எடுத்துக்கொண்டு, "நெசந்தான். பொதைக்கிறவன் கண்ணுக்குத்தான் எல்லாம் தெரியும். வெள்ளத்துல ஒதுங்குன அந்தப் பய இடுப்புலகூடப் பன்னிப்பல்லு கட்டியிருந்துச்சு. வேத்துச் சாமிச் சரக்கு, நமக்கெதுக்குன்னு அப்படியே விட்டுட்டேன்" என்றார். பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார்.

சுருளி கேட்டாள்: "எந்தப் பக்கம் கட்டியிருந்துச்சு?"

"எடது பக்கம். பல்லு மூட்டுல செம்புப் பூண் போட்டு."

அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள். நல்லமுத்து அண்ணன் புத்தகத்தை மூடினார். அந்தப் பல், குருசாமிக்குக் குளிர்காய்ச்சல் விடாமல் வந்த வருஷம், கூடலூர் ஆசாரியிடம் பூண் போடச் சொல்லி அவளே அவன் அரைஞாணில் கட்டிவிட்டதாம். வேட்டிக்குள் கிடப்பது, பெற்றவளுக்கே தெரியாது. அன்றைக்கு நடுச்சுவருக்கு மேலே வந்த அழுகையை நான் கேட்டேன். அதுவரை அவள் அழுது கேட்டதில்லை.

எந்த நாளைச் சாவு நாளாக வைப்பது என்று பெரியவர்களுக்குள் பேச்சு வந்தது. தூரத்துச் சாவுக்குக் கேட்ட நாளிலிருந்துதானே தீட்டு என்று என் மாமியார் சொன்னாள், அதன்படியே நடந்தது. சுவக்கீன் நொண்டிக்கொண்டே வந்து குழியைக் காட்டினார். பெண்கள் போகிற இடமில்லை என்று யாரோ சொன்னார்கள். சுருளி காதில் வாங்காமல் முன்னால் நடந்தாள். பதினாறாம் நாள் தாலி இறக்கினோம்.

பொன்ராஜ் அப்போதும் விடவில்லை. "சாந்தம்மா மகன் இன்னும் கட்டாமத்தான்க்கா இருக்கான். நாலஞ்சு வருசமாச்சு. ஊர்ல ஒருத்தரும் தப்பாச் சொல்ல மாட்டாங்க."

"ஒனக்கு நாலஞ்சு வருசம். எனக்கு இப்பத்தானடா செத்திருக்காரு" என்றாள்.

நல்லமுத்து அண்ணன் படிப்பதை நிறுத்திவிட்டார். லாரிக்காரரிடம் புத்தகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி. ஒரு சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், "நான் சொன்ன வார்த்தைதான் தாயி ஒன்னய இப்படி..." என்று இழுத்தார்.

"நீங்க கதையில உள்ளதச் சொன்னீக. எனக்கு அதுதான் வேண்டியிருந்துச்சு" என்றாள் சுருளி. முறத்தில் இருந்த கேழ்வரகைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கதைய அன்னைக்குப் பாதியில மூடிட்டீகளே. கொன்னது யாருண்ணே?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார்.

"நான் வேற ஆள நெனச்சிருந்தேன்" என்றாள்.

அந்த வருஷக் கடைசியில் எஸ்டேட் கணக்கில் பேர் வெட்டிக்கொண்டு, வேலையை விட்டு மலை இறங்கிவிட்டாள். சுருளியம்மாள் இப்போது கூடலூரில் தம்பி பொன்ராஜ் வீட்டில் இருக்கிறாள்.