கேப்டனை இறக்கி வைத்த இடம்

உச்சிமாகாளி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து எண்பத்து நான்கில் தம்பானூர் பஸ் நிலையத்தில் வந்து இறங்கியவர். பதினான்கு வருடங்களில் திருவனந்தபுரத்தில் கான்கிரீட் மேஸ்திரியாக எத்தனையோ வீடுகளுக்குக் கூரை வார்த்துவிட்டார். வார்த்து முடித்த பிறகு அந்த வீடுகள் எதற்குள்ளும் அவர் நுழைந்ததில்லை, யாரும் கூப்பிட்டதில்லை. கோபக்காரர். அவரை நல்லவர் என்று சொல்பவர்கள் கூட, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

அவருடைய ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஏணியில் வரிசையாக நின்று கான்கிரீட் சட்டியைக் கைமாற்றும்போது ஒருவனுக்குக் கால் வழுக்கினால், அவன் “ஏய்” என்று ஒரு சத்தம் கொடுப்பான். மேலே நிற்பவனும் கீழே நிற்பவனும் முதலில் சட்டியைப் பிடிப்பார்கள், பிறகுதான் ஆளை. சட்டி விழுந்தால் கீழே நிற்கிறவர்களின் மண்டை போகும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலைக்கு வந்த ஒரு வாரத்தில் உடம்பு தானாகப் படித்துக்கொள்ளும்.

தொண்ணூற்றெட்டில் ஒரு காலை, கிழக்கேகோட்டையில் வேலைக்காக நின்றிருந்தவர்களிடம் அனில் என்ற சினிமா உதவியாளர் வேனோடு வந்தான். கல்லாற்றில் படப்பிடிப்பு, பல்லக்குத் தூக்க எட்டுப் பேர் வேண்டும் என்றான். உச்சிமாகாளி தன் ஆட்களில் ஏழு பேரோடு தானும் ஏறினார். சமையலுக்கு உதவியாக அவர் மனைவி பொன்னம்மையும் ஏறிக்கொண்டாள்.

படம் ஒரு கேலிச் சரித்திரம். இருநூறு வருடங்களுக்கு முன் கடல் கடந்து வந்து, இன்று ஒரு ராஜாவுக்கும் நாளை அவனுடைய எதிரிக்கும் துப்பாக்கியை வாடகைக்கு விட்ட கேப்டன் கார்வெல் என்ற வெளிநாட்டுக்காரனின் கதை. நாற்பது பேரை வைத்துக்கொண்டு நாலாயிரம் பேரை விரட்டியதாக அவன் டயரி எழுதியிருக்கிறான். டைரக்டர், அக்ரஹாரத்து ஸ்ரீகண்டன், அந்த டயரியை மூன்று வருடம் பென்சிலும் கையுமாகப் படித்து, ஓரம் முழுக்கப் ‘பொய்’ ‘பொய்’ என்று குறித்து, அந்தப் பொய்களைச் சிரிப்பாக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்; வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். கேப்டன் பிடித்ததாகச் சொல்லும் கோட்டை படத்தில் ஒரு கோழிக்கூடு. கேப்டனாக நடித்தவர் கோவளத்துக்கு விடுமுறைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர். தன் ஊரில் ரொட்டி சுடுகிறவர். வேன் நின்றுபோனால் இறங்கித் தள்ளுகிற மனிதர்.

அன்றைய காட்சி: எட்டுப் பேர் கேப்டனைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்க வேண்டும். நடு ஆற்றில் வழுக்கி விழ வேண்டும். கேப்டன் தண்ணீரில் விழுந்து நனைய வேண்டும்.

முதல் தடவை ஒருவன் சொன்னபடி வழுக்கினான். “ஏய்” என்றான். மற்ற ஏழு தோள்களும் பாரத்தை வாங்கிக்கொண்டன. கேப்டன் நனையாமல் அக்கரை சேர்ந்தார். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை இரண்டு பேர் சேர்ந்தே விழுந்தார்கள். பல்லக்கு மட்டும் விழவில்லை.

கரையில் பொன்னம்மை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எட்டு ஆம்பளைக்கு ஒழுங்கா விழத் தெரியல பாரு!”

ஸ்ரீகண்டன் தண்ணீருக்குள்ளேயே இறங்கி வந்தார். “அண்ணாச்சி, விழச் சொன்னா விழ மாட்டேளா? பயந்து, உளறிண்டு, ஒருத்தர் மேல ஒருத்தர் விழணும். தியேட்டர்ல ஜனங்க சிரிக்கணும், கேட்டேளா?”

“யாரப் பாத்து?”

“கேப்டனைப் பாத்துதான்.”

“விழுகது நாங்கல்லா சார்?”

“பாண்டிக்கும் ஒரு அபிமானம்!” என்று அனில் மலையாளத்தில் முணுமுணுத்தான்.

தமிழனுக்கும் ரோஷமா என்ற அந்த இளக்காரம் உச்சிமாகாளியின் காதில் விழுந்தது. விழாமல் இருந்திருந்தாலும் அவர் முடிவு மாறியிருக்காது. இந்தப் படம் நாளைக்கு இதே ஊர்த் தியேட்டரில் ஓடும். கூரை வார்க்க அவரைக் கூப்பிடுகிறவர்கள், சுமக்கத் தெரியாமல் உருண்டு விழும் எட்டுப் பேரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஏணியில் நிற்கும் தன் ஆட்களே தங்களை அப்படிப் பார்ப்பார்கள். அதுதான் பொறுக்காது.

“நாங்க விழ மாட்டோம் சார்.”

“இது நான் கட்டின கதையில்லை ஓய். டயரில இருக்கு. சுமந்தவாள்லாம் வழுக்கி விழுந்ததுல நான் நனைஞ்சேன்னு எழுதியிருக்கான்.”

“அந்த டயரி பொய்னு வேன்ல வாரப்ப நீங்கதான சொன்னிய? நாப்பது பேரு நாலாயிரம் பேர வெரட்டுனது பொய். கோட்டையப் பிடிச்சது பொய். நாங்க வழுக்கி விழுந்தது மட்டும் எப்படி சார் நெசமாச்சு?”

அந்த வரியின் ஓரத்தில் தன் பென்சில் படவில்லை என்பது ஸ்ரீகண்டனுக்கு நினைவிருந்தது. எல்லாவற்றையும் சந்தேகிக்கிறவன் என்று பெயர் வாங்கியவர். சந்தேகிக்கத் தோன்றாத இடம் ஒன்று தன்னிடமும் இருந்ததை, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு கான்கிரீட் மேஸ்திரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“பின்னே அவன் எப்படி நனைஞ்சான்?”

“எறக்கி வச்சிருப்பாங்க. நடு ஆத்துல. வச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க. அத அவன் எழுதுவானா?”

மலைப்பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. “வெளிச்சம் போறது. அப்படியே இறக்கி வையுங்கோ, பார்ப்போம்” என்றார் ஸ்ரீகண்டன். பாராட்டாக ஒரு சொல்லும் இல்லை.

தூக்கினார்கள். நடு ஆற்றில், முழங்கால் நீருக்குள் இருந்த ஒரு தட்டைப் பாறையின் மேல் பல்லக்கை இறக்கினார்கள். உச்சிமாகாளி கம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடியது. ஒரு சாண் நகர்த்தி வைத்தார். பிறகு எட்டுப் பேரும் கரையைப் பார்த்து நடந்தார்கள்.

மாற்றத்தை வெள்ளைக்காரரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் முதலில் கேப்டனாக அதட்டினார். வாளை உருவினார். பிறகு வசனம் தீர்ந்துபோய்த் தன் சொந்த மொழியில் கத்தினார். ஒருவரும் திரும்பவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

“கட்!” என்றார் ஸ்ரீகண்டன். அனில் ஓடி வந்தான். “அண்ணாச்சி, சாயிப்பை எடுக்கண்டே? தூக்கிட்டு வர வேண்டாமா?”

“அவரு நல்ல மனுசன், நடந்து வருவாரு.”

வெள்ளைக்காரர் அதற்குள் காலணியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தொப்பியால் தண்ணீரை விலக்கியபடி சிரித்துக்கொண்டே வந்துகொண்டிருந்தார்.

ஸ்ரீகண்டன் கேமராவுக்குப் பின்னாலிருந்து எழுந்தார். “அண்ணாச்சி, பிரமாதம்னு சொல்ல மாட்டேன். ஆனா இதான் படத்துல வரும். ஒரு பாதுகாப்புக்கு, இன்னொரு தடவை எடுத்துக்கலாமா?”

உச்சிமாகாளி தலைப்பாகையைக் கழற்றிப் பிழிந்தார்.

“எறக்கி வச்சிட்டு வந்தவன் திரும்பப் போய்த் தூக்குவானா சார்? மாட்டோம்.”