அம்மாவுக்கு நான் போட்ட மார்க்

ஏழாம் வகுப்பு படிக்கும்போதே நான் டீச்சராகிவிட்டேன். எனக்கு ஒரே ஒரு மாணவி, என் அம்மா.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் காய்ச்சல் கண்டு அப்பா போய்விட்டார். அவருடைய ஆபீஸில் அம்மாவுக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும். அம்மாவோ கல்யாணத்துக்கு முன் இங்கிலீஷில் மட்டும் தோற்றவள். வீட்டுக்குப் பக்கத்தில், சாலைக் கடைத்தெரு முனையிலேயே டுட்டோரியல் இருந்தது. இருந்து என்ன, எங்கள் நாகர்கோவில் வழக்கப்படி புருஷனை இழந்தவள் வருஷம் திரும்பும்வரை வாசல் தாண்டக் கூடாது. பரீட்சைக்கு மட்டும் தான் கூட்டிப்போவதாகச் சித்தப்பா சொன்னார். தோற்றால் ஊரில் மாமா வீட்டில்தான் ஒண்டிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். ஆகவே கான்வென்ட்டில் படித்த நான் சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தேன். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

'டு ஹூம்', 'வித் ஹூம்', 'இன் விச்' வைத்து இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கும் பாடம் வந்தது. அம்மா சட்டென்று பிடித்துக்கொண்டாள். நாங்கள் குடியிருக்கும் வீடு, நான் எழுதும் பேனா, எல்லாம் சரியாக வந்தன. ஒரு பெயர் வரும் இடத்தில் மட்டும் தடுமாறினாள். அது அப்பாவின் பெயர். இலக்கணப் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த சாதாரணப் பெயர்தான். அந்தப் பெயர்க்காரனோடு நான் நடந்து போனேன் என்று புத்தகம் சொன்னால், அம்மா பெயரை விட்டுவிட்டு, 'நான் யாரோடு நடந்து போனேனோ அந்த மனிதர்' என்று எழுதி அப்படியே நிறுத்திவிடுவாள். வாக்கியம் முடியவில்லையே என்று நான் பூஜ்யம் போட்டேன்.

புருஷன் பெயரை அம்மா சொல்ல மாட்டாள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ரேஷன் கடையில் கேட்டால்கூட என் முகத்தைத்தான் பார்ப்பாள், நான் சொல்வேன். ஆனால் அப்பாதான் இல்லையே, இனி என்ன என்பது என் நியாயம்.

"இது மட்டும் வேண்டாம் மக்கா, வேற கேளு" என்றாள்.

"பரீட்சையில இதுதான் வந்தா? மாமா வீட்டுல போயி கெடக்கணுமா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் கான்வென்ட் டீச்சர் செய்வதைப் போலவே, அந்தப் பெயரைப் பத்துத் தடவை எழுது என்று தண்டனை கொடுத்துவிட்டுக் காப்பி குடிக்க அடுக்களைக்குப் போனேன்.

அம்மா அந்த வருஷமே தேறினாள், வருஷம் திரும்பியதும் வேலைக்கும் போனாள். என்னால்தான் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் கை கூசுகிறது.

காப்பி குடித்துவிட்டு வந்தபோது அம்மா இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். வரிக்கு ஒரு பெயராக, அவசரமே இல்லாமல், ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். நோட்டைப் பிடுங்கி எண்ணினேன். பதினான்கு இருந்தது. பத்துதானே சொன்னேன் என்று அதட்டிப் பென்சிலை எடுத்தேன்.

"அடிக்காண்டாம் மக்கா, கெடக்கட்டும்" என்றாள் அம்மா.

டீச்சர் சொன்னால் சொன்னதுதான். கடைசி நாலு வரியையும் அடித்துவிட்டு, பத்துக்குப் பத்து போட்டேன்.