மாப்பிள்ளை சொன்ன சம்பளம்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் சம்பளத்தைச் சொன்னால் பெண் வீட்டார் மனசுக்குள் அதைப் பாதியாக்கிக்கொள்வார்கள். அவர்கள் இரண்டு மடங்காகச் சொல்வார்கள் என்று இவர்களுக்குத் தெரியும். இவர்கள் பாதியாக்குவார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்த ஏற்பாடு தெரியாத ஒரே மனிதர் என்னைப் பெண் பார்க்க வந்து சேர்ந்தார்.

திண்டிவனத்துக்காரர், சென்னையில் எலக்ட்ரீஷியன். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கேசரி ஆறிக்கொண்டிருக்கும்போது, மெட்ராஸில் கரண்டு வேலைக்கு என்ன கிடைக்கும் என்று அப்பா கேட்டார்.

"நாளுக்கு ஆயிரம் ரூபாய்ங்க. மாசத்துல இருவது நாள் வேலை இருக்கும். மழை வந்தா பத்து நாளுதான். ரூமுக்கும் சோத்துக்கும் ஆறாயிரம் போயிடும்" என்றார்.

பக்கத்திலிருந்த அவருடைய அம்மா முழங்கையால் இடித்தார். இவர் அம்மாவுக்கு இடம் போதவில்லை என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தார்.

அவர்கள் கிளம்பியதும் சித்தப்பா கணக்கை ஆரம்பித்தார். இருபதாயிரத்தில் பாதி பத்தாயிரம். அதில் ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் ஆறு போனால் மிச்சம் நாலு. அதை வைத்துக்கொண்டு மெட்ராஸில் பெண்டாட்டிக்குப் பூகூட வாங்கித்தர முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வரவைப் பாதியாக்கியவர் செலவைப் பாதியாக்கவில்லை. துணிக்கடையில் பில் போடுகிற எனக்கு அது உடனே கண்ணில் பட்டது. அதற்குள் அப்பா, வேண்டாம் என்று சொல்லிவிடப் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சில் பெண் வாய் திறந்ததில்லை. இருந்தாலும் கூடத்துக்கு வந்து நின்றேன்.

"அப்பா, பொய் சொல்றவரு வேலை இல்லாத நாளச் சொல்வாராப்பா? மழைய எதுக்கு சொல்லணும்? இவரு சொன்னத பாதியாக்காதீங்க."

சித்தப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அப்பா நாலு ஏக்கர் இருக்கிறது என்று சொல்லி இரண்டு ஏக்கருக்குத் தன்னைக் கட்டிக்கொண்டு வந்த கதையை அம்மா சமையலறையிலிருந்து எடுத்துவிட்டாள். அப்பா நம்பரைப் போட்டார்.

"சம்பந்தியம்மா," என்று அப்பா ஆரம்பித்தபோதே எனக்கு அழுகை வந்துவிட்டது. "உங்க புள்ள சொன்னத எம்பொண்ணு அப்பிடியே நம்புது. நாங்களும் நம்பறோம்."

அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மா, மழைக்காலத்தில் பத்து நாள்கூட வராது, எட்டு நாள்தான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அப்பா பரவாயில்லை என்றார்.