பொன்பல்லிக்காக ஜெயிலுக்குப் போன ஃபீபி

ஃபீபி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டினாள். கணவன் நெல்வின் வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரியை மூடிய பிறகு, குடும்பம் அவள் சம்பளத்தில்தான் ஓடியது. அவள் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பியவள், கட்டிலுக்கடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்தாள். உள்ளே மஞ்சள் பூசினாற்போல் நாலு பல்லி.

"இன்னாங்க இது?"

"பொன்பல்லி. பள்ளிகொண்டா பக்கம் மலையில புடிச்சேன். பெங்களூர்ல ஒருத்தன் மருந்துக்குன்னு கேக்கறான்."

இதைப் பிடித்தால் ஜெயில் என்று வனத்துறை ஒட்டிய போஸ்டரை அவள் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருந்தாள். "கொண்டுபோய் விட்டுடுங்க" என்று கெஞ்சினாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவளே பஸ் ஏறினாள். வழியிலேயே ஒன்று செத்துப்போனது. மற்றதாவது பிழைக்கட்டும் என்று வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். மலையடிவாரத்தில் வனக்காவலர்கள் பையைத் திறக்கச் சொன்னார்கள்.

"விடறதுக்குத்தான் சார் எடுத்தாந்தேன்."

"மாட்டினா எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க. யாரு புடிச்சது?"

ஃபீபி நெல்வின் பெயரைச் சொல்லவில்லை. விஷயம் தெரிந்ததும் அவனே வந்து சொல்லிவிடுவான் என்று நம்பினாள். உயிரோடிருந்த மூன்றையும் கோர்ட் உத்தரவோடு மலையில் விட்டார்கள். அவளை வேலூர் பெண்கள் சிறைக்கு அனுப்பினார்கள்.

நெல்வின் பார்க்க வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று தேம்பித் தேம்பி அழுதான். "வக்கீல் வெச்சிருக்கேன். பொம்பளைன்னா சீக்கிரம் ஜாமீன் குடுத்துடுவாங்களாம்."

"அவ்ளோதானா?" என்றாள் ஃபீபி. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜாமீனில் வந்தபோது கம்பெனியில் அவள் மிஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். காட்பாடியில் அம்மா லில்லி வீட்டுக்குப் போனாள். அக்கம்பக்கத்தில் அவளைப் பல்லி கடத்தினவள் என்றார்கள். நெல்வின் அங்கேயும் வந்து கூப்பிட்டான்.

"கோர்ட்ல வந்து உண்மையச் சொல்லுங்க. அப்புறம் வர்றேன்."

"சொல்றேன் ஃபீபி. சத்தியமா."

வாய்தா அன்று அவள் கோர்ட் மாடிப்படி ஓரமாக நின்றாள். ஏறி வந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவையும் கூப்பிட்ட பிறகுதான், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தனியாக உள்ளே போனாள்.